புது வீட்டில் வெந்நீர்: மின்சாரம் வெப்பமாகும் கணக்கு

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், கருநாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குடுபல்லி. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில், குப்பத்துக்கு அருகே உள்ள ஒரு சிறு நிலையம் அது. தெலுங்கு, தமிழ், கன்னடம் என மூன்று மொழிகளும் அங்கே வழங்குகின்றன. கடல் மட்டத்துக்கு மேல் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள மேட்டுநிலமாதலால், மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர் நன்றாக உறைக்கும். அந்நாட்களில் குளிப்பதற்கு வெந்நீர் வேண்டும் என்பதை எவரும் ஆடம்பரம் என்று கூறார்.

முன்பு இதற்கென வீட்டின் பின்கட்டில் ஓர் அடுப்பும் அதன்மேல் ஒரு தாமிரத் தவலையும் இருந்தன. சற்று வசதி படைத்த வீடுகளில், நடுவே புகைக்குழாய் வைத்த செம்புப் பாய்லர் இருந்தது. சுள்ளியும் தேங்காய் மட்டையும் இட்டு எரிப்பார்கள். இன்று எழும் புதிய அடுக்குமாடி வீடுகளில் பின்கட்டும் இல்லை, புகை போக வழியும் இல்லை. குளியலறைச் சுவரில் மாட்டிய மின்சாரக் கருவி ஒன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. கீசர் என்றும் ஹீட்டர் என்றும் மக்கள் அதனை அழைக்கின்றனர்.

அடுப்பு எரிவது கண்ணுக்குத் தெரிந்தது, மின்சாரம் தெரிவதில்லை. ஆகவே அடுப்பைப் பற்றி வீட்டார் அனைவரும் அறிந்திருந்த அளவுக்கு, இக்கருவியைப் பற்றி அறிந்தவர் இல்லை. இதனை எழுதுபவனும் அதற்கு விலக்கல்லன். புதிய அடுக்குமாடி வீடொன்றில் குடிபுகுந்த இரண்டாம் வாரம், ஈரக் கையால் கருவியின் உலோக இணைப்புக் குழாயைத் தொட்டபோது, விரல்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி ஏற்பட்டது. குளிரினால் வந்த மரமரப்பு என்று முதல் நாள் விட்டுவிட்டேன். மறுநாளும் அவ்வாறே நேர்ந்தது. அதன் காரணம் என்ன என்பதைப் பின்னர்க் கூறுவேன். அதனைப் புரிந்துகொள்ள, மின்சாரம் எவ்வாறு வெப்பமாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வெப்பத்தின் விதி

மின்னோட்டம் ஒரு கம்பியின் வழியே செல்லும்போது கம்பி சூடாகிறது. எவ்வளவு சூடாகிறது என்பதை 1840-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜூல் சோதனைகளால் கண்டறிந்தார். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, கம்பியின் மின்தடையாலும் பெருக்கினால், நொடிதோறும் தோன்றும் வெப்பம் கிடைக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது இதனால் விளங்கும். அறையைச் சூடாக்கும் கருவி, துணி தேய்க்கும் பெட்டி, கீசர் ஆகிய எல்லாவற்றுக்கும் விதி இது ஒன்றே.

ஆனால் செந்தழலாகச் சூடேறியும் எரிந்து போகாத கம்பி ஒன்று வேண்டியிருந்தது. 1906-இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் நம் கருவிகளில் உள்ள சுருள் பெரும்பாலும் இவ்வகைக் கம்பியே. கீசருக்குள் இச்சுருள் ஓர் உலோகக் குழாயினுள் வைக்கப்பட்டு, சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். அப்பொடி வெப்பத்தை வெளியே விடும், மின்சாரத்தை விடாது. நீர் குழாயைத் தொடுகிறதேயன்றிக் கம்பியைத் தொடுவதில்லை. நமது பாதுகாப்பு முதற்கண் இம்மெல்லிய பொடிச் சுவரில் அடங்கியுள்ளது.

குடுபல்லிப் பகுதியினர்க்கு மின்சாரத்தின் வரலாறு அயலானதன்று. அருகிலுள்ள கோலார் தங்கவயலுக்கு, காவிரியின் சிவசமுத்திர அருவியில் ஆக்கிய மின்சாரம் 1902-இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து சேர்ந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களில் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ அதற்குப் பின், 1905-இல்தான். அவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தை அனுப்ப மின்னழுத்தத்தை மிக உயர்த்தினார்கள். அதற்கும் ஜூல் விதியே காரணம். அழுத்தத்தை உயர்த்தினால் அதே ஆற்றலைக் குறைந்த மின்னோட்டத்தால் அனுப்பலாம். மின்னோட்டம் குறைந்தால் வழியிலுள்ள கம்பி வீணே சூடாவதும் குறையும். தொலைவழிக் கம்பியில் வெப்பம் வேண்டாதது; கீசரில் வேண்டுவது. வேண்டிய இடத்தில் அதனைத் தோற்றுவித்து, வேண்டாத இடத்தில் தடுப்பதே நமது வேலை.

ஒரு வாளி வெந்நீரின் கணக்கு

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி சென்டிகிரேடு உயர்த்த 1 கிலோகலோரி வெப்பம் தேவை. ஒரு யூனிட் மின்சாரம், அஃதாவது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் உட்கொள்ளும் மின்சாரம், முழுமையும் வெப்பமானால் 860 கிலோகலோரி ஆகும். இவ்விரண்டு எண்களை நினைவில் வைத்தால் போதும்; மற்றவை எல்லாம் பெருக்கலும் வகுத்தலுமே.

குளிர்காலக் காலையில் தொட்டி நீர் 20 டிகிரியில் உள்ளது எனக் கொள்வோம். குளிக்க இதமான வெப்பநிலை 40 டிகிரி. ஒருவருக்கு 20 லிட்டர் தேவையெனில், 20 லிட்டரை 20 டிகிரி உயர்த்த 400 கிலோகலோரி வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு 1600 கிலோகலோரி. இதனை 860-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.86 யூனிட் வருகிறது. மாதத்துக்கு 56 யூனிட். யூனிட் 6 ரூபாய் எனக் கொண்டால் 336 ரூபாய்.

ஒரு நாள் வெந்நீருக்கான இந்த 1.86 யூனிட்டைக் கொண்டு 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை 200 மணி நேரத்துக்கு மேல் எரிக்கலாம். பிள்ளைகள் விளக்கை அணைக்க மறந்ததற்காகக் கடிந்துகொள்ளும் பெற்றோர், கீசரை அணைக்க மறந்ததைப் பொருட்படுத்தாதிருப்பது சிக்கனம் ஆகாது. ஆந்திரத்தில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் உள்ளது. ஆதலின், விளக்கும் விசிறியும் உண்ட பின் மேலே சேரும் இந்த 56 யூனிட், உயர்ந்த படியில் போய் விழுவதும் உண்டு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்துதல் வேண்டும். குறைந்த வாட் கருவி வாங்கினால் மின்சாரம் மிச்சமாகும் என்று பலர் கருதுகின்றனர். 15 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 600 கிலோகலோரி, அஃதாவது ஏறத்தாழ 0.7 யூனிட் வேண்டும். 2000 வாட் கருவி அதனை 21 நிமிடத்தில் முடிக்கும். 1000 வாட் கருவிக்கு 42 நிமிடம் ஆகும். யூனிட் இரண்டிலும் ஒன்றே. வாட் என்பது வேலையின் வேகம். யூனிட் என்பது வேலையின் அளவு.

நீரைச் சேமித்து வைக்காமல், குழாயில் ஓடும்போதே சூடாக்கும் 3000 வாட் கருவியும் உண்டு. அது நிமிடத்துக்கு 43 கிலோகலோரி தரும். 20 டிகிரி உயர்வு வேண்டுமானால், நிமிடத்துக்கு 2 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீரே கிடைக்கும். குழாயை அகலத் திறந்தவுடன் நீர் வெதுவெதுப்பாகி விடுகிறதே என்று கருவியைக் குறை கூறுவது பொருந்தாது. அதன் இயல்பு அவ்வளவே.

நட்சத்திரங்கள் கூறுவது யாது?

கீசரில் சூடான நீர் சும்மா இருந்தாலும் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றி, குறையக் குறைய மீண்டும் ஊற்றுவது போல, தெர்மாஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி அவ்வப்போது மின்சாரத்தை இணைத்து அவ்விழப்பை ஈடுசெய்கிறது. யாரும் குளிக்காத பகலிலும் சிவப்பு விளக்கு இடையிடையே எரிவதன் காரணம் இதுவே.

2002-இல் அமைக்கப்பட்ட மத்திய அரசின் எரிசக்தித் திறன் அலுவலகம் இக்கருவிகளுக்கு நட்சத்திரச் சீட்டு வழங்குகிறது. சேமிப்பு வகைக் கீசரில் அந்த நட்சத்திரங்கள் நீரைச் சூடாக்கும் திறனைக் குறிப்பனவல்ல. சூடாக்கும் திறன் எல்லாக் கருவிகளிலும் ஏறக்குறைய ஒன்றே. சூட்டைக் காக்கும் திறனையே அவை குறிக்கின்றன. தொட்டியைச் சுற்றியுள்ள நுரைப்பஞ்சு நன்றாக இருந்தால் இழப்புக் குறையும். ஐந்து நட்சத்திரக் கருவியே ஆனாலும், நாள் முழுவதும் இணைத்து வைப்பதைவிட, குளிப்பதற்கு அரை மணி முன்பு இணைத்துப் பின் அணைப்பதே சிக்கனம். சூட்டை இழக்கும் நேரம் குறைகிறதன்றோ?

செருகுமிடம் ஏன் கருகுகிறது?

நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 2000 வாட்டை இதனால் வகுத்தால் 8.7 ஆம்பியர் மின்னோட்டம் என்று அறியலாம். 3000 வாட்டுக்கு 13 ஆம்பியர். வாளியில் அமிழ்த்தும் 1500 வாட் ஹீட்டர் கம்பிக்குக்கூட 6.5 ஆம்பியர். வீட்டிலுள்ள சிறிய பிளக் பாயிண்டு 6 ஆம்பியருக்கே உரியது. பெரியது 16 ஆம்பியருக்கு உரியது. ஆதலின் ஹீட்டர் கம்பியையும் கீசரையும் சிறிய பாயிண்டில் செருகலாகாது.

பெரிய பாயிண்டிலும் ஆபத்து ஒன்று உண்டு. உள்ளே திருகு தளர்ந்திருந்தால் அவ்விடத்தில் மின்தடை ஏற்படும். அது அரை ஓம் என்றே கொள்வோம். 8.7 ஆம்பியரை அதனாலேயே பெருக்கி அரையால் பெருக்கினால் 38 வாட் வருகிறது. வானொலி பழுது பார்ப்போர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சூட்டுக்கோலின் வலிமை இது. சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டியின் நடுவே, நாள்தோறும் இருபது நிமிடம் ஒரு சூட்டுக்கோலை வைத்திருப்பதை யார் விரும்புவர்? நீரைச் சூடாக்கும் அதே விதிதான் தளர்ந்த இணைப்பையும் சூடாக்குகிறது. பிளக் சூடாயிருத்தல், நிறம் பழுத்தல், கருகல் மணம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் உடனே பயன்பாட்டை நிறுத்தி, மின்வேலை அறிந்தவரை அழைத்தல் வேண்டும்.

பச்சைக் கம்பியின் கடமை

இனி, முன்னர் கூறிய எறும்பு ஊர்ச்சிக்கு வருவோம். மின்வேலையாளர் வந்து பார்த்ததில் இரண்டு குறைகள் தெரிந்தன. முதலாவது, கருவியின் வெப்பக் குழாயில் நுண்ணிய பிளவு ஏற்பட்டு, மின்சாரம் சிறிதளவு நீரிலும் உடலுலோகத்திலும் கசிந்துகொண்டிருந்தது. இரண்டாவது, பிளக் பாயிண்டின் மேற்புறமுள்ள பெரிய துளையில் எந்தக் கம்பியும் இணைக்கப்படவில்லை. எர்த் எனப்படும் பச்சைக் கம்பி பெட்டிக்குள் வந்திருந்தது; ஆனால் நுனி மடித்து அப்படியே விடப்பட்டிருந்தது. விளக்கு எரிந்தது, நீர் சூடானது. ஆகவே வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டனர்.

எர்த் கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருவி ஒரே மாதிரி வேலை செய்யும். அதன் இன்மையைக் கண் காட்டாது. கசிவு நேரும் அன்றுதான் அதன் தேவை தெரியும். அது சரிவர இணைக்கப்பட்டிருந்தால் கசிந்த மின்சாரம் எளிய வழியில் நிலத்துக்குள் சென்றுவிடும். இணைக்கப்படாவிடில், ஈரத் தரையில் நிற்கும் மனிதனின் உடலே அதற்கு வழியாகிறது.

1 மில்லி ஆம்பியர் அளவில் உடல் ஊர்ச்சியை உணரும். 10 மில்லி ஆம்பியரைக் கடந்தால் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமற் போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சென்று நீடித்தால் இதயத்துக்கே ஆபத்து. நனைந்த உடலின் மின்தடையை 1000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் அதில் 230 மில்லி ஆம்பியரைச் செலுத்த வல்லது. எனக்கு அன்று வாய்த்தது கசிவின் தொடக்கநிலை மட்டுமே. பிளவு இன்னும் சற்று அகன்றிருந்தால், இக்கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பது ஐயமே.

எம்.சி.பி. இருக்கிறதே, அது காக்காதா என்று கேட்கலாம். 16 ஆம்பியருக்குரிய எம்.சி.பி.க்கு 230 மில்லி ஆம்பியர், அஃதாவது கால் ஆம்பியருக்கும் குறைந்த கசிவு, ஒரு பொருட்டேயன்று. அது காப்பது சுவரிலுள்ள கம்பியை. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் வேறொரு கருவி. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது இடைவிடாது ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு ஏற்பட்டால், எங்கோ கசிகிறது என்று உணர்ந்து, நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. அதன்மேல் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதனை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாத கருவி இருந்தும் இல்லாததே.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய வீடுகளில் இரும்புக் குழாய்கள் நிலத்துக்குள் சென்றன. எர்த் கம்பி இல்லாத குறையை அவை ஓரளவு ஈடுசெய்ததும் உண்டு. புதிய வீடுகளில் குழாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆகவே அந்தத் தற்செயலான துணை இன்று இல்லை. வீடு புதிதாக ஆக, பச்சைக் கம்பியின் தேவை கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

கடின நீரும் அழுத்தமும்

வெப்பக் குழாய் ஏன் பிளக்கிறது? இப்பகுதியின் நிலம் கரும்பாறைப் பாங்கானது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புக்கள் கரைந்துள்ளன. நீர் சூடாகும்போது அவற்றில் ஒரு பகுதி வெண்மையான காறையாகப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் அதே படிவு. இது வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உள்ளே சூடு தேங்கி, குழாய் அளவுக்கு மீறிக் காய்ந்து, நாளடைவில் வெடிக்கிறது. படிவினால் மின்கட்டணம் பெருகிவிடும் என்பர். அது பெரிதும் மெய்யன்று. சுருளில் தோன்றும் வெப்பம் எப்படியும் நீரையே சேர்கிறது. குறைவது கருவியின் ஆயுளும் நமது பாதுகாப்புமே. ஆண்டுக்கு ஒரு முறை படிவை நீக்கி, தொட்டியைத் துருவினின்று காக்கும் மக்னீசியத் தண்டு தேய்ந்திருந்தால் மாற்றுதல் நலம். தெர்மாஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதிருந்தால் படிவும் குறையும். ஆனால் 60 டிகிரி நீரும் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும். பிள்ளைகள் குளிக்கும்போது முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் வாளியில் விட வேண்டும்.

நீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு விரிகிறது. 15 லிட்டர்த் தொட்டியில் இது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மூடிய தொட்டியில் அதற்கு இடம் ஏது? பாதுகாப்பு வால்வு வழியே அது சொட்டாக வெளியேறுகிறது. சூடாகும் வேளையில் வால்வு சொட்டுவது பழுதன்று, கடமையைச் செய்வதே. சொட்டுகிறதே என்று அதனை அடைத்துவிடுவது பெருந்தவறு. தெர்மாஸ்டாட்டும் பழுதுற்று, வால்வும் அடைபட்டிருந்தால், தொட்டி வெடிக்க இடமுண்டு.

வகுப்பில் செய்து காட்ட

ஆசிரியர்கள் இப்பாடத்தை வீட்டு மின்மானியைக் கொண்டே விளக்கலாம். மின்மானியின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 எனில், 2000 வாட் கீசர் மட்டும் இயங்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 107 சிமிட்டல் வரவேண்டும். மாணவர் தத்தம் வீட்டில் பெற்றோர் துணையுடன் எண்ணி வந்து, கருவியில் எழுதியுள்ள வாட் அளவோடு ஒப்பிடலாம். மின்னழுத்தம் குறைந்த நாளில் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று வினவி, ஜூல் விதியை மீண்டும் நினைவூட்டலாம். கம்பிகளையோ பிளக் பாயிண்டையோ மாணவர் தொடும் சோதனை எதுவும் கூடாது.

களப் பணியாளர்கள், புதிய வீட்டில் குடிபுகுவோருக்கு ஐந்து வினாக்களைக் கற்பித்தால் போதும். பெரிய துளையில் பச்சைக் கம்பி இணைந்துள்ளதா? ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் விழுகிறதா? பாயிண்டு 16 ஆம்பியருக்கு உரியதா? வால்வு திறந்துள்ளதா? குளிக்க நுழையுமுன் கருவி அணைக்கப்பட்டதா? வீட்டை வாங்குவோர் தரையின் பளபளப்பையும் கதவின் மரத்தையும் தட்டிப் பார்க்கின்றனர். சுவருக்குள் மடிந்து கிடக்கும் ஒரு முழம் பச்சைக் கம்பியையும் கேட்டுப் பார்க்க அவர்கள் கற்றுக்கொண்டால், இப்பாடம் பயன்பட்டதாகும்.